வீட்டுப் பட்டறையில் சிலிண்டர் ஹெட் போர்ட்டிங்: எங்கே குடைவது, எங்கே நிறுத்துவது

எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இவற்றுக்கு நடுவே, உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் புகையும் கடந்தே தீர வேண்டிய, சிலிண்டரை மேலிருந்து மூடும் பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கையில் எடுக்கப் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. பல ஆண்டுகளாக என் வீட்டுப் பட்டறையில் ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஹெட்களையும் நான்கு சிலிண்டர் கார் ஹெட்களையும் குடைந்து, அளந்து, மறுபடி பூட்டி ஓட்டிப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்ட்டிங்கில், அதாவது ஹெட்டுக்குள் காற்றும் புகையும் ஓடும் வழியான போர்ட்டைக் குடைந்து திருத்துவதில், கிடைக்கக்கூடிய பலனில் பெரும் பங்கு, வால்வு மூடும்போது உட்காரும் இடமான வால்வு சீட்டை ஒட்டிய ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த இடத்தைப் பொறுமையாகச் சரிசெய்து, மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்கு எஞ்சின் நன்றாகவே பதில் சொல்லும்.

இதற்குக் காரணம் காற்று ஓடும் விதத்தில் இருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலிருந்து காற்று போர்ட் வழியாக உள்ளே பாய்கிறது. போர்ட்டின் நேரான பகுதியில் காற்றுக்கு அதிகத் தடை இல்லை. தடை தொடங்குவது போர்ட் வளைந்து வால்வை நோக்கித் திரும்பும் இடத்தில்தான். அங்கே வால்வின் தண்டைத் தாங்கும் குழாயான வால்வு கைடின் புடைப்பு குறுக்கே நிற்கிறது, வழி குறுகுகிறது, கடைசியில் வால்வின் தலை காற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. வால்வு திறக்கும்போது அதன் விளிம்புக்கும் சீட்டுக்கும் நடுவே உருவாகும் இடைவெளியின் பரப்பு, வால்வின் சுற்றளவைத் திறப்பு உயரத்தால் பெருக்கினால் கிடைக்கும். 34 மி.மீ. விட்டமுள்ள வால்வு ஒன்று 8.5 மி.மீ. உயர்ந்தால்தான், அதாவது தன் விட்டத்தில் கால் பங்கு உயர்ந்தால்தான், அந்தப் பரப்பு வால்வின் வட்டப் பரப்புக்குச் சமமாகிறது. அதுவரைக்கும் சீட்டின் வடிவமே காற்றின் அளவைத் தீர்மானிக்கிறது. மேலும், உச்ச உயரத்தை வால்வு ஒரே ஒரு முறைதான் தொடுகிறது. நடு உயரங்களையோ திறக்கும்போது ஒரு முறையும் மூடும்போது ஒரு முறையுமாக இரண்டு தடவை கடக்கிறது. ஆகவே நடு உயரத்தில் கிடைக்கும் சிறு முன்னேற்றம், உச்சத்தில் மட்டும் கிடைக்கும் பெரிய எண்ணைவிட ஓட்டுகிறவருக்கு அதிகம் உதவும்.

பழைய பொருளாக விலைக்கு வாங்கிய ஹெட் ஒன்று இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது. முன்பு யாரோ குடைந்த ஹெட் அது. போர்ட்டின் வாயில் விரலை விட்டால் கண்ணாடிபோல் வழுக்கியது. பார்க்க மிக அழகான வேலை. அதே எஞ்சினின் கைபடாத ஹெட் ஒன்று என்னிடம் இருந்ததால் இரண்டையும் உள்விட்ட அளவியால் அளந்து ஒப்பிட முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்ததில், காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட் 26 மி.மீ.; குடைந்ததில் 28 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது 16 சதவீத வித்தியாசம். அதே அளவு காற்று போகிறது என்றால் அதன் வேகம் சுமார் 14 சதவீதம் குறைந்துவிடும். வேகம் குறைந்தால் காற்றின் உந்தமும் குறைகிறது. பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளி அடைப்பது இந்த உந்தம்தான். அது போதாதபோது, குறைந்த சுழற்சியில் காற்று வந்த வழியே திரும்பித் தள்ளப்படுகிறது. அந்த ஹெட்டைப் பூட்டி ஓட்டியபோது ஐடிலிங் தடுமாறியது, இழுவை மேல் சுழற்சிக்குப் போன பிறகே வந்தது. கழற்றி வால்வுகளை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது: கண்ணுக்குத் தெரியும் வாய்ப்பகுதியில் அவ்வளவு உழைப்பைப் போட்டவர், சீட்டுக்கு அடியில் வார்ப்பு விட்டுச்சென்ற கூரான வரம்பைத் தொடவே இல்லை. பிறகு கைபடாத ஹெட்டை எடுத்து, போர்ட்டின் அளவை அப்படியே விட்டு, அந்த வரம்பை மட்டும் களைந்து, சீட்டுகளைப் புதிதாக வெட்டிப் பூட்டினேன். அதே எஞ்சின் கீழிருந்தே இழுத்தது.

ஹெட்டை அளந்து திருத்தும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக் 1920-களிலேயே ஹெட் வழியாகக் காற்றைச் செலுத்தி அளந்து வடிவங்களைத் திருத்தியவர். மினி காரில் வந்த பி.எம்.சி. ஏ-சீரிஸ் எஞ்சினின் இதய வடிவ எரியறை அவருடைய வேலை. கீத் டக்வொர்த் வடிவமைத்து 1967-இல் பந்தயத்துக்கு வந்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினில் வால்வுகளுக்கு இடையே 32 டிகிரிக் கோணமே இருந்தது. அதனால் எரியறை கச்சிதமாக அமைந்தது. அந்த எஞ்சின் தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. இவர்கள் காலத்துப் பட்டறை வசதி நமக்கு இல்லை என்றாலும், வடிவத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளக்கும் பழக்கத்தை நாம் கைக்கொள்ளலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஹெட் அந்த உழைப்புக்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். கரியை நீக்கிச் சுத்தம் செய்த பிறகு, வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும் ஸ்பார்க் பிளக் துளையை ஒட்டியும் விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். நேர்விளிம்பு ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஃபீலர் கேஜால் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வைச் சற்று உயர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கைடு தேய்ந்திருப்பது கைக்கே தெரியும். கைடு மாற்ற வேண்டியிருந்தால் அதை முதலில் மாற்றிவிட வேண்டும். சீட் வெட்டும் கருவி கைடின் துளையை மையமாகக் கொண்டே சுழல்வதால், தேய்ந்த கைடில் வெட்டிய சீட் ஒருபோதும் மையத்தில் அமையாது. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது: வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஹெட்டைத் தொடாதீர்கள், அதே மாடலின் பழைய ஹெட் ஒன்றைத் தேடி எடுத்து அதில் கற்றுக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டை கிரைண்டர், நீண்ட தண்டுள்ள கார்பைடு பர்கள் (சுழன்று வெட்டும் முனைகள்), உப்புத்தாள் உருளைகள், மார்க்கிங் நீலம், கோடு கீறும் ஊசி, உள்விட்ட அளவி ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். பர் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். வார்ப்பிரும்புக்கு உரிய, குறுக்கும் நெடுக்குமாகப் பற்கள் வெட்டிய பரை அலுமினியத்தில் வைத்தால் சிறிது நேரத்தில் பற்களுக்கு இடையே அலுமினியம் அப்பிக்கொண்டு, வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கத் தொடங்கிவிடும். அலுமினியத்துக்கு அகன்ற பள்ளங்களுள்ள ஒற்றை வெட்டுப் பர் வேண்டும். அவ்வப்போது பரை மெழுகுக் கட்டியில் தொட்டுக்கொண்டால் அப்புவது வெகுவாகக் குறைகிறது. நீண்ட தண்டுள்ள பரை வெளியே காற்றில் முழு வேகத்தில் சுழலவிடவே கூடாது. பிடிமானம் இல்லாத தண்டு வளைந்து சாட்டைபோல் வீசும். அது கையையோ முகத்தையோ தாக்கினால் காயம் கடுமையாக இருக்கும். போர்ட்டுக்குள் நுழைத்த பிறகே சுவிட்சைப் போட்டு, நின்ற பிறகே வெளியே எடுப்பதை நான் ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கார்பைடு பர் எடுக்கும் சில்லுகள் ஊசிபோன்றவை. சாதாரணக் கண்ணாடியின் பக்கவாட்டு இடைவெளி வழியாகவும் அவை கண்ணுக்குள் வரும். முகம் முழுவதையும் மூடும் மறைப்பும் அதற்குள் கண்ணாடியும் அணிய வேண்டும். உப்புத்தாள் உருளையைப் பயன்படுத்தும்போது எழும் மென்தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் தூசி வடிகட்டும் முகமூடியும், மணிக்கணக்கில் கேட்கும் கீச்சொலிக்குக் காதடைப்பும் அவசியம். தளர்ந்த கைச்சட்டையும் நூல் கையுறையும் சுழலும் தண்டில் சிக்கும், அவை வேண்டாம்.

குடையத் தொடங்கும் முன் சிலிகோன் ரப்பரைப் போர்ட்டுக்குள் ஊற்றி அச்சு எடுத்துப் பார்ப்பதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். உள்ளே குனிந்து பார்க்கும்போது தெரியாத பல விஷயங்கள் அச்சைக் கையில் வைத்துத் திருப்பும்போது தெரியவரும். வார்ப்பின் இரு பாதிகள் சேர்ந்த கோடு எங்கே ஓடுகிறது, கைடின் புடைப்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறது, வளைவின் உட்புறம் எவ்வளவு கூராகத் திரும்புகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நான்கு சிலிண்டர் ஹெட்டில் நான்கு அச்சுகளையும் வரிசையாக வைத்தால், ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதும் தெரியும். பல ஹெட்களில் நான் செய்த வேலை, நான்கில் நன்றாக இருந்த ஒன்றின் வடிவத்துக்கு மற்ற மூன்றையும் கொண்டுவந்ததுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அலுமினிய ஹெட்டில் வால்வு சீட் என்பது கடினமான உலோக வளையம். அது அலுமினியத்துக்குள் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்த வளையத்தின் அடிவிளிம்பும் அதற்குப் பின்னால் கிண்ணம்போல் விரியும் அலுமினியப் பகுதியும் சந்திக்கும் இடத்தில், தொழிற்சாலை வேலையில் பெரும்பாலும் ஒரு படி இருக்கும். விரல் நுனியை உள்ளே விட்டு மேலும் கீழும் நகர்த்தினால் நகம் அதில் தட்டும். காற்று அந்தப் படியில் மோதிச் சுவரிலிருந்து பிரிகிறது. அதைச் சீராக்குவதுதான் போர்ட்டிங்கின் இதயம். ஆனால் இரண்டு உலோகங்களின் கடினத்தன்மை வேறு வேறு என்பதைப் பர் உடனே காட்டிவிடும். வளையத்தின்மேல் வைத்தால் துள்ளும். கொஞ்சம் சரிந்து அலுமினியத்துக்குள் போனால் வெண்ணெயில் போவதுபோல் இறங்கி, வளையத்துக்கு அடியில் ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடும். ஆகவே நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் மெஷின் ஷாப்பில் வளையத்தின் உள்விளிம்பைச் செங்குத்தான கோணத்தில் வெட்டி, சீட்டுக்கு அடியில் வழி குறுகும் இடமான தொண்டையின் விட்டத்தைத் தீர்மானிக்கச் செய்கிறேன். பிறகு அந்த விளிம்பை எல்லையாக வைத்து, அலுமினியத்தை மட்டும் குறைந்த வேகத்தில் அதனோடு இணைக்கிறேன். தொண்டையின் விட்டம் வால்வின் விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 34 மி.மீ. வால்வுக்கு 30 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் திறந்தால், சீட்டை நெருங்கும் காற்று திரும்புவதற்கு வேண்டிய வளைவு போய்விடும். வளையமும் மெலிந்து பிடிமானத்தை இழக்கும்.

அடுத்தது வளைவின் உட்புறம். போர்ட்டின் தரைப்பகுதி வால்வை நோக்கி மடியும் இடத்தைத்தான் சொல்கிறேன். ஆறு வளையும் இடத்தில் வெள்ளம் வெளிக்கரையை அடித்துக்கொண்டு ஓட, உள்கரையில் நீர் தேங்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். போர்ட்டிலும் அதுவேதான் நடக்கிறது. வேகமாக வரும் காற்றால் உட்புறத்தின் கூரான திருப்பத்தை ஒட்டிப் போக முடிவதில்லை. அது சுவரைவிட்டுப் பிரிந்து, வால்வின் அந்தப் பக்கத்தை ஏறக்குறைய வீணாக்கிவிடுகிறது. இங்கே தரையைத் தாழ்த்திக் குடைந்தால் வழி பெரிதாகும் என்று கை பரபரக்கும். தாழ்த்தினால் திருப்பம் இன்னும் கூராகும், காற்று இன்னும் முன்பாகவே பிரியும். இந்த இடத்தில் கூரான முனையை மட்டும் நீக்கி, வளைவு தொடங்கும் இடத்திலிருந்து சீட்வரை ஒரே சீரான வட்டத்தின் பகுதிபோல் உருட்ட வேண்டும். உயரத்தைக் குறைக்கக் கூடாது. அகலப்படுத்த வேண்டியிருந்தால் பக்கச் சுவர்களில் எடுக்கலாம். இங்கே நான் கிரைண்டரை அணைத்துவிட்டு, விரலில் சுற்றிய உப்புத்தாளாலேயே முடிக்கிறேன். நேரம் பிடிக்கும், ஆனாலும் விரல் உணரும் வளைவைக் கண்ணால் அங்கே பார்க்க முடியாது.

கைடின் புடைப்பை முழுவதும் வெட்டி எறிகிறவர்கள் உண்டு. பந்தயத்துக்கு மட்டுமே ஓடும் எஞ்சினில் அது சரியாக இருக்கலாம். தினமும் ஓடும் வண்டியில் கைடு குட்டையானால் வால்வு ஆடத் தொடங்கும், சீட் கெடும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டிலிருந்து வெப்பம் வெளியேறும் வழியும் குறையும். புடைப்பின் இரு பக்கங்களையும் மெலித்து, காற்று வரும் திசையில் கூர்மழுங்கிய முனையும், போகும் திசையில் ஒடுங்கும் வாலும் இருக்கும்படி செய்தால் போதும்.

எவ்வளவு ஆழம் குடையலாம் என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. நீரால் குளிர்விக்கும் எஞ்சினில் போர்ட் சுவருக்கு மறுபுறம் அந்த நீர் ஓடும் அறை இருக்கிறது. வார்ப்பின்போது உள்வெளியை உருவாக்க வைக்கும் அச்சு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருக்கும். அல்ட்ராசோனிக் தடிமன் மானி கிடைத்தால் சுவரைப் பல இடங்களில் அளந்து, மெல்லிய இடங்களை மார்க்கரால் குறித்துவிடுங்கள். பயனற்ற ஹெட் ஒன்று கிடைத்தால் அதைப் போர்ட்டின் குறுக்கே அறுத்துப் பார்ப்பது அதைவிடச் சிறந்தது. எங்கே தடிமன் இருக்கிறது, எங்கே இல்லை என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் கைக்குத் தானாகவே நிதானம் வந்துவிடும்.

இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டின் அளவுக்குப் போர்ட் வாயைப் பெரிதாக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. கேஸ்கெட்டின் துளை, போர்ட்டுக்குள் துருத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தாராளமாக வெட்டப்படுகிறது. அது போர்ட்டின் சரியான அளவைக் காட்டுவதற்காக வெட்டப்பட்டதல்ல. அதன்படி குடைந்தால் வாயில் அகன்று உள்ளே குறுகும் பை ஒன்று உருவாகி, காற்று அங்கே வேகம் இழந்து மீண்டும் வேகம் பிடிக்க வேண்டியிருக்கும். போர்ட்டோடு இணையும் குழாயான மேனிஃபோல்டும் ஹெட்டும் ஒன்றோடொன்று நேராக இருக்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். இரண்டிலும் நீலம் பூசி, போல்ட் துளைகளைக் கொண்டு கேஸ்கெட்டை நிறுத்திக் கோடு கீறினால், எந்தப் பக்கம் துருத்துகிறது என்று தெரியும். இன்டேக்கில் மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பதில் தீங்கில்லை. காற்றின் எதிரே படி நிற்பதுதான் தீங்கு. அதே கொள்கைப்படி எக்ஸாஸ்ட்டில் பைப்பின் வாய் போர்ட்டைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கலாம். திரும்பிவரும் புகையை அந்தப் படி ஓரளவு தடுக்கவும் செய்யும்.

மேற்பரப்பு மெருகைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கார்புரேட்டரோ போர்ட் இன்ஜெக்‌ஷனோ உள்ள எஞ்சினில் இன்டேக் போர்ட்டை 60 அல்லது 80 எண் உப்புத்தாள் விட்டுச்செல்லும் சொரசொரப்போடு விட்டுவிடுகிறேன். சுவரில் படியும் பெட்ரோல், வழுவழுப்பான பரப்பில் படலமாக வழிந்து ஓடும். சொரசொரப்பில் மீண்டும் காற்றோடு கலக்க வாய்ப்பு அதிகம். எக்ஸாஸ்ட் போர்ட்டில் எரிபொருள் பிரச்சினை இல்லை. அதை மெருகேற்றினால் கரி படிவது குறைகிறது. எக்ஸாஸ்ட்டின் அளவைக் கூட்ட வேண்டிய தேவை அரிது. வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமே புகையின் பெரும் பகுதியைத் தள்ளிவிடுவதால், எக்ஸாஸ்ட் பக்கம் இன்டேக்கின் 70 முதல் 80 சதவீதம் ஓட்டம் இருந்தாலே பெரும்பாலான எஞ்சின்களுக்குப் போதும்.

சீட் வெட்டும் வேலையை வீட்டில் செய்யாமல், நல்ல மெஷின் ஷாப்பில் கொடுக்கும்படியே சொல்வேன். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மூன்று கோண வெட்டு என்றால், எரியறைப் பக்கம் 30 டிகிரி, வால்வு உட்காரும் பட்டை 45 டிகிரி, தொண்டைப் பக்கம் 60 டிகிரி. பட்டையின் அகலம் இன்டேக்கில் 1 முதல் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 1.5 முதல் 2 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும் பகுதியை இந்தப் பட்டை வழியாகவே ஹெட்டுக்குக் கடத்துவதால், அதை மெலிதாக்கினால் வால்வு கருகிவிடும். வால்வின் பின்புறத்திலும் 45 டிகிரிப் பட்டைக்கு அடுத்து 30 டிகிரியில் ஒரு மெல்லிய வெட்டுக் கொடுத்தால், குறைந்த உயரத்தில் காற்றோட்டம் கூடுகிறது. செலவழிக்கும் உழைப்புக்கு இதைப் போலப் பலன் தரும் வேலை வேறு இல்லை என்பது என் கணிப்பு. சீட்டை ஆழமாக வெட்டினால் வால்வின் தண்டு மறுபுறம் உயர்ந்து நிற்கும். ஸ்பிரிங்கின் இறுக்கம் குறையும், டாப்பெட் இடைவெளியும் மாறும். ஸ்பிரிங் பூட்டிய உயரத்தை அளந்து, தேவையான தடிமனில் ஷிம் எனும் மெல்லிய வளையத்தை அடியில் வைக்க மறக்க வேண்டாம்.

மாற்றம் நன்மையா என்பதை அறிய, ஹெட் வழியாக ஓடும் காற்றை அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் தேவை. வாக்குவம் கிளீனர் மோட்டார்களையும், மரப்பெட்டியையும், நீர் நிரப்பிய U வடிவக் குழாயையும் கொண்டு வீட்டிலேயே செய்துவிடலாம். தொழில்முறைப் பெஞ்சுகளில் 28 அங்குல நீர் அழுத்தம், அதாவது 711 மி.மீ., வழக்கமான அளவு. வீட்டுப் பெஞ்சில் 10 அங்குலமே கிடைத்தாலும் கவலை வேண்டாம். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவதால், 10 அங்குலத்தில் கிடைத்த எண்ணை 1.67 ஆல் பெருக்கினால் 28 அங்குலத்துக்கான எண் கிடைத்துவிடும். பிறருடைய எண்ணோடு ஒப்பிடுவதைவிட, நம் ஹெட்டின் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடுவதே முக்கியம். ஹெட்டுக்கு அடியில் எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவே உள்ள குழாயை வைக்க வேண்டும், ஏனெனில் சிலிண்டர் சுவரும் வால்வை ஓரளவு மறைக்கிறது. போர்ட்டின் வாயில் களிமண்ணால் உருண்டையான விளிம்பு கட்ட வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் மெல்லிய ஸ்பிரிங் போட்டு, திருகால் வால்வை அழுத்தி, டயல் கேஜ் பார்த்து ஒவ்வொரு மில்லிமீட்டர் உயரத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெஞ்ச் தருவது எண் மட்டுமல்ல. மெல்லிய கம்பியின் நுனியில் நூலைக் கட்டிப் போர்ட்டுக்குள் நீட்டினால், காற்று சுவரை ஒட்டிப் போகும் இடத்தில் நூல் விறைப்பாக நிற்கிறது. பிரியும் இடத்தில் துடிக்கிறது, சில வேளை பின்பக்கமாகவே திரும்பிவிடுகிறது. சத்தமும் பேசும். வால்வை மெல்ல உயர்த்திக்கொண்டே போகும்போது சீராக வந்த இரைச்சல் ஓர் உயரத்தில் திடீரென்று கரகரவென்று உடையும். அந்த உயரத்திலிருந்து எண்ணும் ஏறாமல் நின்றுவிடும். உள்வளைவில் காற்று பிரிந்துவிட்டதற்கான அறிகுறி அது. அங்கே கூரான முனையைச் சற்று மழுக்கிவிட்டு மறுபடி வைத்தால், இரைச்சல் உடையும் உயரம் மேலே தள்ளிப்போவதைக் காதாலேயே கேட்கலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் அதுதான்.

எரியறையில் நான் மிகக் குறைவாகவே கை வைக்கிறேன். வால்வுக்கு மிக நெருக்கமாக உள்ள சுவரை, கேஸ்கெட் கோட்டைத் தாண்டாமல், சற்று ஒதுக்கலாம். கூரான விளிம்புகளை மழுக்க வேண்டும், ஏனெனில் அவை சூடேறிக் கலவையை முன்கூட்டியே பற்றவைக்கும். பிஸ்டன் நெருங்கிவரும் தட்டையான பகுதியைத் தொடவே கூடாது. கலவையைப் பிளக்கை நோக்கிப் பிதுக்கிக் கொந்தளிக்கச் செய்வது அதுதான். பிறகு ஒவ்வோர் அறையின் கொள்ளளவையும் அளக்க வேண்டும். வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி ஒட்டி, பியூரெட்டிலிருந்து நிறமேற்றிய திரவத்தைக் குமிழி இல்லாமல் நிரப்பினால் கொள்ளளவு தெரியும். அறைகளுக்கிடையே அரை சி.சி.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 70 மி.மீ. போரும் 65 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள சிலிண்டரின் கொள்ளளவு 250 சி.சி.; பிஸ்டன் மேல்முனையில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 27.8 சி.சி. என்றால் அழுத்த விகிதம் 10. எரியறையில் ஒரு சி.சி. அளவுக்கு உலோகத்தை எடுத்துவிட்டால் விகிதம் 9.7-க்கு இறங்கிவிடும். போர்ட்டில் சம்பாதித்ததை இங்கே இழப்பது எவ்வளவு எளிது என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. இழந்ததை மீட்க ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவலாம். சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கழுவுவதில் சோம்பல் கூடாது. அலுமினியத் துகள் ஒன்று ஆயில் துளையில் தங்கினாலும் கேம்ஷாஃப்டின் பேரிங்கைத் தின்றுவிடும். சோப்புக் கரைத்த வெந்நீரும், துளைக்குள் நுழையும் பிரஷும், கடைசியில் அழுத்தக் காற்றும் கொண்டு, ஒவ்வொரு துளையையும் தனித்தனியே சுத்தம் செய்யுங்கள். வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் இட்டு லேசாக ஒரு முறை தேய்த்தால், பட்டை முழு வட்டமாக, ஒரே சாம்பல் நிறத்தில் பதிகிறதா என்று தெரியும். பேஸ்ட்டை மிச்சமின்றித் துடைத்து, ஸ்பிரிங்குகளைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் காத்திருந்து, போர்ட்டுக்குள் கசிவு வருகிறதா என்று பாருங்கள்.

பூட்டிய பிறகு எரிபொருள் கலவையைச் சரிசெய்யாமல் முழுத் திராட்டிலில் ஓட்டக் கூடாது. காற்று அதிகம் வந்து பெட்ரோல் பழைய அளவிலேயே இருந்தால் கலவை மெலிந்து, பிஸ்டனின் தலை உருகும் அளவுக்குச் சூடேறலாம். கார்புரேட்டர் என்றால், பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாகப் போட்டுத் தொடங்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருவதே பத்திரமான வழி. முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றாலும், முழுத் திராட்டிலில் 12.5-க்கும் 13-க்கும் நடுவில் வைப்பதே சக்திக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றது. வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் இதை ஊகிக்க வேண்டியதில்லை. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், காற்றின் அளவை நேரடியாக அளக்காமல் மேனிஃபோல்ட் அழுத்தத்திலிருந்து கணக்கிடும் வகையாக இருந்தால், எஞ்சினின் கணினியான ஈ.சி.யு.வின் எரிபொருள் அட்டவணையையும் திருத்த வேண்டும். இக்னிஷன் டைமிங்கையும் மறுபடி பாருங்கள். கலவை முன்பைவிட வேகமாக எரிந்தால் ஓரிரு டிகிரி குறைத்தாலே எஞ்சின் இன்னும் நன்றாக இழுக்கும். ஏற்றத்தில் டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே திராட்டிலை விட்டுவிட்டு, டைமிங்கையும் கலவையையும் சோதித்த பிறகே மேற்கொண்டு ஓட்டுங்கள்.